இது யாருக்க ஸ்கின்? – வடசேரியில் வாங்கிய ஒரு கந்தைத்துணிச் சித்திரம்

நாகர்கோவில் வடசேரிக்கு அருகே ஒரு வீட்டு மாடியில், தையல் கடைகளின் வெட்டுத்துணியையும் கழித்துப்போட்ட மீன்வலையையும் கொண்டு சுவரில் மாட்டும் சித்திரங்கள் செய்து விற்கிறார்கள். கடந்த தை மாதம் அங்கே மூன்றடி உயரமும் இரண்டடி அகலமும் கொண்ட ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். ஆறு மாதமாக அது எங்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. வாங்க நினைப்பவர்களுக்கு அதன் தரத்தையும் குறைகளையும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன். ஆனால் அது எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை விட்டுவிட்டு அதன் தரத்தை மட்டும் சொல்ல இயலாது.

சித்திரத்தின் நடுவில் உள்ளங்கை அளவில் ஒரே ஒரு சதுரம் இருக்கிறது. தையல் சாமான் கடையில் 'ஸ்கின் கலர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்த வெளிறிய லைனிங் துணிதான். அதைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட சிறு துண்டுகள், கருப்பட்டி, புளியங்கொட்டை, காய்ந்த கதம்பை (தேங்காய் மட்டை), மழையில் நனைந்த பனந்தடி என்று ஒவ்வொன்றும் நம் ஊர் மனிதர்களின் தோலில் காணும் ஒரு நிறத்தில் இருக்கின்றன. நிறங்கள் அனைத்தும் அங்கேயே ஏற்றப்பட்டவை. கதம்பை ஊறிய தண்ணீர், தேயிலைச் சக்கை, கடுக்காய் ஆகிய மூன்றுதான் மூலப்பொருள்கள். கடுக்காய் நீரில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வைத்தால், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து துணியைக் கறுப்பாக்கிவிடும். எத்தனை நாள் ஊறுகிறது என்பதைப் பொறுத்துச் சாம்பல் முதல் அட்டக் கறுப்பு வரை கிடைக்கும் என்று அங்கிருந்த அக்கா ஒரு வாளியைக் காட்டி விளக்கினார்.

எங்கள் மகள் ஆறாம் வகுப்பில் படித்தபோது, ஆண்டு விழா நடன உடுப்புக்கு உள்ளே அணிய எல்லாப் பிள்ளைகளும் 'ஸ்கின் கலர்' சட்டை வாங்கி வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வாங்கி வந்து போட்டுப் பார்த்தவள், தன் கறுத்த முன்கையை அந்தத் துணியின்மேல் வைத்துக்கொண்டு, "அம்மா, இது யாருக்க ஸ்கின்?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அமெரிக்காவில் கிரயோலா நிறுவனம் 'சதை நிறம்' என்று பெயரிட்டு விற்று வந்த வெளிர் வண்ணக்கோலின் பெயரை 1962இலேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் துணிக்கடைகளில் அந்தப் பேச்சு இன்னும் அப்படியே புழங்குகிறது. எடுத்துத் தரும் பெண்ணுக்கும் பொருந்தாத, வாங்க நிற்கும் எனக்கும் பொருந்தாத ஒரு நிறத்தைத் தோல் என்று நாங்கள் இருவருமே சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் இந்தச் சித்திரத்தின் முன்னால் வெகுநேரம் நின்றதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

வேலைப்பாட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. கழித்துப்போட்ட நைலான் வலை பின்புறத் தளமாக இருக்கிறது. அதன்மேல் துண்டுகளைக் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுப் பொருத்தியிருக்கிறார்கள். ஓரம் முழுவதும் தும்புக் கயிறு. கிட்டே போய்ப் பார்த்தால் தையலின் நீளம் இடத்துக்கு இடம் மாறுகிறது, பல கைகள் தைத்திருப்பது தெரிகிறது. ஒரு துண்டில் பொத்தான் இல்லாத காஜா அப்படியே இருக்கிறது. இன்னொன்றில் ரவிக்கைக் கொக்கி பிடுங்கப்பட்ட இரண்டு துளைகள். கீழ் வரிசையில் ஒரு பழைய நேரியலின், அதாவது மேல்துண்டின், கரை. ஒருவர் உடம்பில் கிடந்து நைந்த துணி என்பதை மறைக்காமல் விட்டதுதான் இதன் பலம். புதுத் துணியில் இதையே செய்திருந்தால் வண்ண அட்டவணை போலத்தான் இருந்திருக்கும்.

ஒவ்வொரு சித்திரத்துடனும் ஒரு சிறு அட்டை தருகிறார்கள். அதில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள ஜீஸ் பெண்ட் ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலை உடுப்புகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்த ஊர் அது. 1942இல் கணவர் இறந்தபின் மிசூரி பெட்வே அவருடைய வேலை உடுப்புகளையே வெட்டித் தைத்த போர்வை இன்று கலை உலகம் அறிந்த ஒன்று. அந்த ஊர் மக்கள் வாக்காளராகப் பதிவு செய்ய ஆற்றைக் கடந்து செல்ல முற்பட்ட காலத்தில், 1962இல், படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அது திரும்ப வந்தது 2006இல்தான்.

இவ்வளவு சொன்ன அட்டையில் நம் மாவட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். பெண் தன் மார்பை மறைக்கும் துணிக்காக அடி வாங்கிப் போராடிய மண் இது. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசர் உத்திரம் திருநாள் வெளியிட்ட அறிவிப்பு, நாடார் பெண்கள், கடற்கரையில் மீன்பிடிக்கும் முக்குவச் சாதிப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்றது. நிற வெறியும் சாதியும் வெவ்வேறு வரலாறு கொண்டவை என்பதை நான் அறிவேன். ஆயினும் கடற்கரை வலையையும் முரட்டுத் துணியையும் கையில் வைத்திருப்பவர்கள், அலபாமாவோடு சேர்த்து இதையும் சொல்லியிருக்க வேண்டும். அக்காவிடம் சொன்னபோது, அடுத்த அட்டையில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

வேறு சில குறைகளும் உண்டு. 'கறுப்பே அழகு' என்று எழுத்துகளைத் தைத்த சிறிய சித்திரங்கள் 600 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. துணி பேச வேண்டியதை எழுத்து முந்திக்கொண்டு பேசிவிடுவதால் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயில் நேராக விழும் சுவரில் மாட்டக் கூடாது. மேற்கு ஜன்னலுக்கு எதிரே ஒரு மாதம் மாட்டியிருந்ததில் தேயிலைச் சாயம் ஏறிய துண்டுகள் வெளுத்துவிட்டன. ஆனி மழையில் தும்புக் கயிற்றில் லேசாகப் பூஞ்சை பிடித்தது. வெயிலில் காட்டித் தட்டியதும் போய்விட்டது. இந்த எச்சரிக்கைகளை அவர்களே சொல்லி விற்றிருக்க வேண்டும்.

சொந்தத் துணிகளைக் கொடுத்தும் செய்து வாங்கலாம். என் அம்மாவின் இரண்டு பருத்தி ரவிக்கைகள், அப்பாவின் சாரம் (லுங்கி), மகளின் அந்த நடனச் சட்டை ஆகியவற்றோடு சென்ற வாரம் மறுபடியும் போனேன். சட்டையையும் கறுப்பாக்கித் தர வேண்டும் என்று மகள் கேட்டாள். அக்கா அதை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "இது பாலியஸ்டர், மக்களே. நம்ம சாயம் எதுவும் இதுல பிடிக்காது" என்றார். அதனால் அதை நடுச் சதுரத்துக்கு வெட்டிக்கொள்வதாக முடிவாயிற்று. முன்பணம் 1,000 ரூபாய். ஓணத்துக்கு முன் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.