தமிழில் கதைத்தான் என்று நம்பி 38,000 ரூபாய் கொடுத்தோம்

திருகோணமலையிலிருந்து கொழும்பு ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ட்ரான்ஸ்பர் பண்ணிக்கொண்டு போகிறவர்கள் இதை ஒருக்கா வாசித்துவிட்டுப் போங்கள்.

போன மாதம் அத்தான் கன்னியாவடியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. இலவச அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்தது, இங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள், அன்றிரவே கொழும்பில் ஒரு பெரிய போதனா வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ 260 கிலோமீட்டர், ஒரு சதமும் யாரும் கேட்கவில்லை. அதை யோசித்திருந்தாலே பிறகு நடந்ததில் மாட்டியிருக்க மாட்டோம்.

விடிய வார்டுக்கு வெளியே நானும் அக்காவும் நின்றோம். இரண்டு பேருக்கும் சிங்களம் அரைகுறை. யாரைக் கேட்பது என்று முழித்துக்கொண்டு நிற்க, கக்கத்தில் ஃபைல் வைத்திருந்த ஒருவன் வந்து "தங்கச்சி, எந்த ஊர்?" என்றான். ஊரைச் சொன்னதும் தான் உவர்மலையில் இரண்டு வருசம் இருந்த கதை, கோணேசர் கோயில் கதை எல்லாம் எடுத்துவிட்டான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கழுத்தில் அட்டை தொங்கியதுதான், ஆனால் படம் இருக்கும் பக்கம் சட்டையோடு திரும்பிக் கிடந்தது.

அத்தானின் கட்டில் நம்பரைக்கூடச் சரியாகச் சொன்னான். "எலும்பைப் பொருத்துகிற பிளேட் ஸ்டொக் இல்லை, லிஸ்டில் கிடந்தால் மூன்று மாதம் போகும், 38,000 தந்தால் நாளைக்கே ஒப்பரேஷன் தியேட்டர்." அக்கா காப்பைக் கழற்றி வெள்ளவத்தையில் அடகு வைத்தா. ரசீது என்று ஒரு டியூஷன் நோட்டீஸின் பின்பக்கத்தில் கிறுக்கித் தந்தான்.

அடுத்த நாள் ரவுண்ட்ஸ் வந்த டொக்டர், வீக்கம் வற்றாமல் வெட்டினால் காயம் மூடாது, அதற்குத்தான் காத்திருக்கிறோம், பிளேட் இங்கேயே இருக்கிறது என்றார்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஆஸ்பத்திரிகளில் சில சாமான்கள் தட்டுப்பாடுதான், அதை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். உண்மையிலேயே வெளியே வாங்க வேண்டியிருந்தால் வார்ட் டொக்டர் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் துண்டுச் சீட்டு தருவார், நாங்களே கடையில் வாங்கி பில் எடுக்கலாம். கொரிடோரில் காசு கேட்டால் நேரே வார்ட் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) போய்க் கேளுங்கள். அரைகுறைச் சிங்களம் போதும், வெட்கப்பட வேண்டாம்.

பொலிஸில் எழுதிக் கொடுத்தோம். அவன் தந்த நம்பர் அன்றிலிருந்து ஓஃப். அத்தானுக்கு ஒன்பதாம் நாள் ஒப்பரேஷன் முடிந்தது, பிளேட்டுக்கு ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. காப்பு இன்னும் வெள்ளவத்தையில்தான் கிடக்கிறது.