கத்தரிக்கோலா, கைபேசியா?

"சிவந்த நிறமுள்ள பெண் தேவை" வரி விளம்பரம், முகக் கிரீம் படம், "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி, இதையெல்லாம் சேர்த்துப் பெண்களைப் பற்றி ஒரு கொலாஜ் (துண்டுப் படங்களையும் சொற்களையும் சேர்த்து ஒட்டிய ஒரே படம்) செய்ய, காகிதத்தில் வெட்டி ஒட்டுவதா, கைபேசியில் செய்வதா, எது வசதி என்று பலர் குழம்புகிறார்கள்.

செலவு: காகிதத்துக்குப் பழைய வார இதழ், பசை, அட்டை போதும். கைபேசியில் இலவசச் செயலி உண்டு, அச்சுக்குத்தான் காசு.

ஆயுள்: செய்தித்தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் இருப்பதால் வெயிலில் மஞ்சளாகிவிடும், அதனால் நல்ல தாளில் நகலெடுத்து ஒட்டுங்கள். கைபேசிக் கோப்பு மங்காது.

வசதி: கைபேசியில் தப்பைத் திருத்தலாம், காகிதத்தில் வெட்டினால் வெட்டியதுதான்.

ஆனாலும் 1920-களில் பெர்லினில் ஹன்னா ஹோஹ் என்ற ஜெர்மன் பெண் கலைஞர் இதழ்ப் படங்களை வெட்டி ஒட்டித்தான் அன்றைய இதழ்கள் காட்டிய 'புதிய பெண்' என்ற நவீனப் பெண் பிம்பத்தைக் கேள்வி கேட்டார், அந்தச் 'சிவந்த நிற' விளம்பரத்தைக் கையால் வெட்டும்போது வரும் கோபம் எனக்குத் திரையில் வந்ததே இல்லை. சரி, சுவரில் மாட்டக் காகிதம், உடனே பகிரக் கைபேசி.