பூட்டன தேட வெப்சைட்டுக்கு காசு கட்டுன கத

எங்க பாட்டாக்க அப்பா எந்த ஊர்ல இருந்து நாகர்கோவில் பக்கம் வந்தாருன்னு தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப நாளா ஆச, அதுக்காக பழைய சென்சஸ் ரெக்கார்டு தேடித்தர்ற ஒரு வெளிநாட்டு வெப்சைட்ல சேந்தேன், பேரு வேண்டாம். 14 நாள் ஃப்ரீ ட்ரையல்னு போட்டிருந்தான், நான் தேதிய மறந்துட்டேன், 15ஆவது நாளு ஆறு மாசத்துக்க காச மொத்தமா கார்டுல இருந்து உருவிட்டான். கேன்சல் பட்டன் எங்க கெடக்குன்னு கண்டுபிடிக்கவே எனக்க மவளுக்கு அரை மணி நேரம் ஆச்சு.

சரி போட்டும், தேடுவோம்னு உக்காந்தா மொதல்லயே சர்நேம் கேக்குது. நம்மகிட்ட ஏது சர்நேம், அப்பன் பேருக்க மொத எழுத்து தானே! பூட்டனுக்கு ஞானமுத்துன்னு ஒத்தப் பேரு, அத ஜி போட்டு, என் போட்டு, என்ஜே போட்டு எல்லாம் அடிச்சுப் பாத்தாச்சு, வந்தது பூரா யாரோ இத்தாலிக்காரன்.

ஆனா ஒண்ணு சொல்லணும், வெள்ளக்காரனுக்கு இது சூப்பர் சைட். மச்சான் இங்கிலாந்துல இருக்கான், அவனுக்க வீட்டு ஓனரம்மாவுக்க தாத்தா பேர போட்டதும் பத்து நிமிஷத்துல 1911 சென்சஸ் ஷீட்டே வந்துட்டு, அந்த தாத்தா கைப்பட எழுதி கையெழுத்து போட்டது, வீட்ல யாரு யாரு, என்ன வயசு, என்ன வேல, எங்க பொறந்தான் எல்லாம் இருக்கு. அங்க 100 வருஷம் ஆனா தொறந்து விட்டுருவாவ, 1921 உள்ளது 2022ல வந்துச்சு. அமெரிக்கால 72 வருஷம் தான். நமக்கு அப்படி ஒரு கணக்கே கெடையாது, 1948 சென்சஸ் சட்டப்படி ஆள் விவரத்த யாருக்கும் காட்ட மாட்டாவ. இத அந்த சைட் காசு வாங்கறதுக்கு முன்ன ஒரு வரி போட்டிருந்தா என்ன?

அதுக்காக நம்ம ஊர்ல சென்சஸே எடுக்கலன்னு இல்ல. 1956 வர நாம திருவிதாங்கூர்ல (1949க்கு பொறவு திருவிதாங்கூர்-கொச்சி) இருந்தோம்லா, அங்க 1875லயே எண்ணிட்டாவ. 1901, 1931 ரிப்போர்ட் எல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்குற வெப்சைட்ல ஓசிக்கே கெடக்கு. 1901ல திருவிதாங்கூருக்கு மொத்தம் 29,52,157 பேரு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், இரணியல், கல்குளம், விளவங்கோடுன்னு தாலுகா வாரியா, சாதி, மதம், படிப்பு, தொழில் எல்லாம் உண்டு, ஆனா ஒருத்தன் பேரு கெடையாது. பூட்டன் அந்த 29 லட்சத்துல ஒரு ஆளு, அவ்வளவு தான்.

கடைசில கெடச்சது எங்கன்னா, நாலு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு பழைய மிஷன் சர்ச்சுல. சர்ச்ச பாத்துக்கிடுற கோயில்குட்டியார் அலமாரிய தொறந்து ஞானஸ்நான ரிஜிஸ்டர எடுத்துத் தந்தாரு, ஓரமெல்லாம் செல்லரிச்சு பக்கத்த பெரட்டவே பயமா இருந்துச்சு. மங்கின மையில "ஞானமுத்து, வயது சுமார் 30, பனையேறி". வீட்ல எல்லாரும் மயிலாடின்னு தான் சொல்லிட்டு இருந்தாவ, அதுல ஊரு திருநெல்வேலி ஜில்லா இராதாபுரம்னு இருக்கு! அப்பா ரெண்டு நாளு யாருகிட்டயும் சரியா பேசல.

சர்ச் ரிஜிஸ்டர் இல்லாதவங்க வீட்டுப் பெட்டில உள்ள பழைய பிரமாணத்த, அதான் நெலப் பத்திரத்த, எடுங்க, அப்பன் பேரு, ஊரு, எல்ல எல்லாம் அதுல இருக்கும். அனேகமா மலையாளத்துல தான் இருக்கும், படிக்க தெரிஞ்ச ஆள புடிக்கணும். வருஷம் 1061ன்னு போட்டிருந்தா பயந்துராதீங்க, அது கொல்லம் ஆண்டு, 825 கூட்டிக்கோங்க, ஆவணில இருந்து டிசம்பர் முடிய உள்ளதுக்கு 824.

சைட்டுக்கு எனக்க மார்க்கு அஞ்சுக்கு ஒண்ணு, அதுவும் அந்த கையெழுத்து ஷீட்டுக்காக. இன்னும் நாலு மாசம் பாக்கி கெடக்கு, பாஸ்வேர்ட மச்சானுக்கு குடுத்துட்டேன், அவன் ஓனரம்மாவுக்க பாட்டிய தேடிட்டு இருக்கான்.