தொட்டியில் '1000 லிட்டர்' என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள்

மாட்டுக்கு சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். தாராபுரம் பக்கம் சாலையோரத்தில் கிணற்று உறையும் தொட்டியும் ஊற்றி விற்கிற ஓர் இடத்தில் 1000 லிட்டர் தொட்டி கேட்டேன். அந்த அளவுக்குத்தான் விலை பேசினார்கள், ரசீதிலும் அதையே எழுதினார்கள், தொட்டியின் பக்கவாட்டில் பெயிண்டிலும் அதுவே இருக்கிறது. ஆனால் விளிம்பு வரை நிரப்பினாலும் அதில் 700 லிட்டர் நிற்காது.

எனக்கு ஏன் 1000 லிட்டர் வேண்டும் என்பதையும் அவர்களிடம் விவரமாகச் சொன்னேன். பன்னிரண்டு கறவை மாடு, எல்லாம் ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம். நன்றாகக் கறக்கிற மாடு வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 80 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். அதிலும் பாலைக் கறந்து முடித்ததும்தான் தாகம் அதிகம். எல்லாம் ஒன்றாக வந்து தொட்டியில் வாய் வைக்கும். எங்கள் ஊரில் மும்முனை மின்சாரம் நேரம் பிரித்துத்தான் வருகிறது. மோட்டார் ஓடாத நேரத்தில் தொட்டியில் நிற்பதுதான் மாட்டுக்குத் தண்ணீர். "கவலையே படாதீங்ணா, உங்க மாட்டுக்கு இது தாராளம்" என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றினார்கள்.

சித்திரை வெயிலில் பால் இறங்க ஆரம்பித்தது. பால் சொசைட்டிச் சீட்டில் லிட்டர் குறைந்துகொண்டே வந்தது. தீவனம் மாற்றவில்லை, காய்ச்சல் இல்லை, மடிநோயும் இல்லை. வந்து பார்த்த கால்நடை மருத்துவர் ஒரு தலையீற்று (முதல் கன்று ஈன்ற) மாட்டின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். உடனே படிய வேண்டிய தோல் மடிப்பாகவே நின்று மெதுவாக இறங்கியது. சாணமும் கட்டியாக இருந்தது. "தண்ணி பத்தலைங்க" என்றார். அன்று மாலை கறவைக்கு அப்புறம் தொட்டி பக்கமே நின்று பார்த்தேன். முட்டுகிற நாலு மாடு முதலில் இடம் பிடித்தது. அடங்கிப் போகிற மாடுகள் பின்னால் காத்து நின்றன. அவற்றின் முறை வந்தபோது அடியில் கலங்கல்தான் இருந்தது. அந்தத் தலையீற்று மாடு அதைத்தான் நக்கிக்கொண்டிருந்தது. வாயில்லா ஜீவன், யாரிடம் போய்ச் சொல்லும்?

மறுநாள் தொட்டியைக் கழுவிவிட்டு 40 லிட்டர் பால் கேனால் அளந்து ஊற்றினோம். பதினேழாவது கேன் முழுசாக இறங்குவதற்குள் வழிந்துவிட்டது.

கணக்கு எங்கே இடித்தது என்று டேப் வைத்துப் பார்த்தால் தெரிகிறது. வெளியே 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். பெருக்கினால் 37.5 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். அப்படியானால் 1060 லிட்டர் வருகிறது. அவர்கள் சொல்கிற '1000' இதுதான். அதாவது சிமெண்ட் சுவரையும் தண்ணீரோடு சேர்த்து விற்றிருக்கிறார்கள். சுவர் 3 அங்குலம், அடித்தளம் 4 அங்குலம். உள்ளே அளந்தால் ஐந்தரை அடிக்கு 2 அடி, ஆழம் 26 அங்குலம், 675 லிட்டர்தான். தண்ணீர் ஏறியதும் தானாகக் குழாயை அடைக்கிற மிதவை வால்வு, விளிம்புக்கு 4 அங்குலம் கீழேயே அடைத்துவிடும். அப்போது உண்மையில் நிற்பது 570 லிட்டர்.

அது மட்டுமில்லை. வடிகால் துளை தொட்டியின் உள் தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். இதில் தரையிலிருந்து 2 அங்குலம் மேலே வைத்திருக்கிறார்கள். திறந்துவிட்டாலும் எச்சிலும் தீவனத் துணுக்கும் ஊறிய 50 லிட்டர் அழுக்குத் தண்ணீர் அப்படியே நிற்கும். ஒவ்வொரு முறையும் ஜக்கால் அள்ளித் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் சுண்ணாம்பு அடிக்க முடிகிறது. மாடு உரசி ஒரு மூலை பெயர்ந்தபோது உள்ளே பார்த்தேன். கம்பி கட்டியிருக்கிறோம் என்று சொன்ன இடத்தில் கோழி வலை இருந்தது.

கேட்கப் போனபோது, "தொட்டின்னா வெளி அளவுதானுங்ணா, ஊரே அப்படித்தான் வாங்குது" என்றார்கள். மாற்றித் தரவும் இல்லை, வித்தியாசப் பணமும் தரவில்லை. தண்ணீர் ஊற்றி வைக்கிற பொருளுக்கு லிட்டர் என்று எழுதினால் அது உள்ளே பிடிக்கிற லிட்டர்தான். இதில் வேறு பேச்சே கிடையாது.

வாங்குகிறவர்கள் டேப்பைக் கையோடு கொண்டுபோய் உள் நீளம், உள் அகலம், வால்வு அடைக்கிற மட்டம் வரை ஆழம் மூன்றையும் அடியில் எடுத்துப் பெருக்குங்கள். அதை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர். வட்டத் தொட்டி என்றால் உள் விட்டத்தில் பாதியை அதனாலேயே பெருக்கி, 3.14 ஆலும் ஆழத்தாலும் பெருக்கி, கடைசியில் அதே 28.3 ஆல் பெருக்க வேண்டும். அந்த அளவை 'உள் அளவு' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.

லிட்டர் சரியாக இருந்தாலும் நீளத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு மாடு நின்று குடிக்க இரண்டு, இரண்டரை அடி வேண்டும். 6 அடித் தொட்டியைச் சுவரோரம் போட்டால் ஒரே நேரத்தில் இரண்டு மாடுதான் சௌகரியமாகக் குடிக்கும். முட்டுகிற மாடு இருக்கிற பட்டிக்கு ஒரு பெரிய தொட்டியைவிட, தள்ளித் தள்ளிப் போட்ட இரண்டு தொட்டி நல்லது. நானும் இப்போது கடனோடு கடனாக இன்னொன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். பின்னால் நின்ற மாடுகள் அதில் குடிக்கின்றன.

ரசீதையும், டேப்பும் தொட்டியும் சேர்ந்து தெரிகிற படங்களையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர் அதற்கென்று வாங்கிய பொருளுக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குப் போடலாம். மாடு வைத்திருப்பதால் வியாபாரி என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்யலாம். இதேபோல் வெளி அளவு சொல்லி விற்ற தொட்டி உங்கள் பட்டியில் இருந்தால், ரசீதைத் தேடி எடுத்து நீங்களும் புகார் கொடுங்கள்.