பேராதனையா, வட்டியில்லாக் கடனில் தனியார் பட்டமா?

இலங்கையில் பேராதனை போன்ற அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. விடுதி, சாப்பாடு, புத்தகம், பஸ் செலவு உண்டு. நுழைவைத் தீர்மானிப்பது இசட் புள்ளி, அதாவது உயர்தரப் பரீட்சை மதிப்பெண்களைத் தரப்படுத்திக் கணக்கிடும் புள்ளி. பெரும்பாலான துறைகளில் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டத்துக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும். நுவரெலியா, பதுளை இந்த 5க்குள் வருகின்றன, கண்டி வராது. உயர்தரத்துக்காகக் கண்டிக்கு மாறும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்: மாவட்டத்தைப் பார்ப்பது பரீட்சைக்கு முந்திய பள்ளி ஆண்டுகளை வைத்துத்தான். விருப்பத் தெரிவு வரிசையையும் அவசரமாக நிரப்பாதீர்கள். முதலில் எழுதியதுதான் முதலில் பார்க்கப்படும்.

அரச பல்கலைக்கழக மாணவர்களுக்கான உதவித்தொகைகளான மஹாபொலவுக்கும் பர்சரிக்கும் குடும்ப வருமானம் முக்கியம். தோட்டத்துச் சம்பளச் சீட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து என்றால் இழுபறிதான். கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே போங்கள்.

அரசின் வட்டியில்லாக் கடன் திட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனத்தில் படிக்கலாம். வட்டியை அரசு ஏற்கும், வாங்கிய கடனை நீங்கள் படித்து முடித்தபின் கட்ட வேண்டும். தோட்டத்து லய வீடுகளில் வாழும் குடும்பங்கள் தடுமாறுவது பிணையாளர் தேடுவதில். படிப்பை இடையில் விட்டாலும் கடன் உங்கள் தலையில்தான்.

பேராதனையில் இடம் கிடைத்தால் யோசிக்க வேண்டாம், போய்விடுங்கள்.