ஆணையரா, தீர்ப்பாயமா? அப்பீலை நினைத்துப் பார்த்தால்…

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இல்லாத ஒரு லோடுமேன், சரக்கு இறக்கும்போது லாரியில் அடிபடுகிறார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி இழப்பீட்டு ஆணையரிடம் போகலாம். இல்லை, மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் எம்சிஓபி (விபத்து இழப்பீட்டு மனு) போடலாம். இரண்டிலும் சேர்த்துக் கேட்க முடியாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு விடாது. (2025 நவம்பரில் 1923 சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது, நான் சொல்வது அதற்கு முந்தைய விபத்துகளுக்கு.) எதில் பணம் சீக்கிரம் வரும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தொகை குறைந்தால் எங்கே வாதாட முடியும் என்று யாரும் கேட்பதில்லை.

தீர்ப்பாயம் குறைத்துவிட்டால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் சிஎம்ஏ (அப்பீல்) போடலாம். சம்பளம், ஊனம், வலி வேதனைக்கான தொகை என்று எல்லாவற்றையும் மறுபடி கிளறலாம். தகராறுத் தொகை ஒரு லட்சத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான்.

ஆணையர் பக்கம் அப்படியில்லை. அவர் கையில் இருப்பது ஒரு கணக்கு. லோடுமேனுக்கு வயது 40, சம்பளம் 18,000 என்றாலும் 15,000க்கு மேல் எடுக்க முடியாது. அதில் 60 சதவீதம் 9,000. வயதுக் காரணி (வயதுக்கேற்பச் சட்டம் தரும் பெருக்கெண்) 184.17, பெருக்கினால் 16,57,530. சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போய்விட்டது என்று டாக்டர் எழுதினால் கைக்கு வருவது 6,63,012. அப்பீலுக்கு 60 நாள். அதுவும் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான். ‘40 போதாது, 60 போடுங்கள்’ என்பது எடுபடாது. ‘மூட்டை தூக்கவே முடியாதவருக்கு 40 சதவீதம் எப்படி?’ என்று கேட்டால் கதை வேறு: முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த தச்சருக்கு 100 சதவீதம் என்று பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாமதத்துக்கான 12 சதவீத வட்டியை ஆணையர் விட்டுவிட்டாலும் கேட்கலாம்.

சட்டக் கேள்வி வேண்டும் என்ற அதே சுவர் இன்சூரன்ஸ் கம்பெனியையும் தடுக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கோல்லா ராஜண்ணா வழக்கில், உயர் நீதிமன்றம் ஊனத்தை மறுபடி அளந்து தொகையைக் குறைத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. முதலாளி அப்பீல் போவதானால் முழுத் தொகையையும் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். தீர்ப்பாயத் தீர்ப்பென்றால் 25,000 அல்லது பாதி, எது குறைவோ அது போதும்.

சம்பளம் 15,000க்கு மேல், லாரி டிரைவர் மேல் தப்பு, சாட்சியும் இருக்கிறது என்றால் நான் தீர்ப்பாயத்துக்கே போகச் சொல்வேன். டிரைவரே தன் கவனக்குறைவால் கவிழ்த்துக்கொண்டு அடிபட்டிருந்தால் ஆணையர்தான். அங்கே யார் தப்பு என்ற கேள்வி பெரும்பாலும் எழாது.