பெர்ல் ரீநேம்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து சேமித்து வருகிறேன். ஸ்கேனர் பக்கங்களுக்கு 1, 2, 3 என்று பெயரிட்டுத் தரும். லினக்ஸ் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) பட்டியலிட்டால் 1-க்குப் பிறகு 10 வந்து நிற்கும். 2 எங்கோ கீழே கிடக்கும். எல்லாவற்றையும் 001, 002 என்று மாற்றியாக வேண்டும். இதற்கு நான் பல ஆண்டுகளாக நம்பியிருப்பது, பெர்ல் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட, கோப்புப் பெயர்களை மொத்தமாக மாற்றும் ரீநேம் (rename) கட்டளையை. பெர்லை உருவாக்கிய லாரி வால் எழுதிய ஒரு சிறு நிரலின் வழிவந்தது இது. மாற்றுவிதியாகப் பெர்ல் கோவை (பெர்லில் எழுதிய நிரல்துண்டு) எதையும் கொடுக்கலாம் என்பதால், எண்ணைப் பிடித்து முன்னால் பூஜ்யம் நிரப்புவது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

இதை விடாமல் வைத்திருப்பதற்கு முதல் காரணம் ஒத்திகை வசதி. கட்டளையோடு 'மைனஸ் என்' (-n) சேர்த்தால் எந்தக் கோப்பையும் தொடாமல், எந்தப் பெயர் எதுவாகும் என்று வரிவரியாகக் காட்டும். திருப்தியானால் அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டலாம். புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், நாம் வற்புறுத்தாதவரை அதன்மேல் எழுத மறுத்துவிடும். ஒவ்வொரு கோப்பாகப் பெயர் மாற்றும் எம்வி (mv) கட்டளையைச் சுழற்சியில் ஓட்டுபவர்களுக்கு இந்தக் காவல் தானாகக் கிடைக்காது. ஒரு குறையும் உண்டு: இரண்டு கோப்புகளுக்கு ஒரே புதிய பெயர் அமைந்தால் ஒத்திகை எச்சரிக்காது. நிஜமாக ஓட்டும்போது முதலாவது மாறும், இரண்டாவது பழைய பெயரிலேயே நிற்கும். ஆகவே ஒத்திகைப் பட்டியலை வலப்பக்கப் பெயர்களில் கண் வைத்துப் படிக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களுக்கு வந்தால் கூடுதல் கவனம் தேவை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ரீநேம் இயல்பாகப் பெயரைப் பைட்டுகளாகவே பார்க்கிறது. முதல் எழுத்தை நீக்க, 'ஏதோ ஓர் எழுத்து' என்று பொருள்படும் புள்ளியை (.) மாற்றுவிதியில் கொடுத்தால் எழுத்தின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போய், பெயர் சிதைந்துவிடும். புதிய பதிப்புகளில் 'மைனஸ் யு' (-u) கொடுத்தால் யூனிகோடாகப் படிக்கிறது. அப்போதும் 'கி' என்பது இரண்டு குறியீடு: 'க' ஒன்று, உயிர்க்குறி ஒன்று. உயிர்க்குறியோடு முழு எழுத்தைப் பிடிக்கப் புள்ளிக்குப் பதில் பின்சாய்வும் பெரிய எக்ஸும் (\X) எழுத வேண்டும். தமிழில் வேலை செய்கிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான். இன்னொன்று, லினக்ஸில் வழக்கமான ஈஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்டே இடம். தமிழில் அது 85 குறியீடுதான். இதழ், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு எல்லாவற்றையும் தமிழிலேயே பெயரில் வைக்க நினைத்தால் இடம் போதாமல் போகும்.

நிறுவும்போதும் கவனம் வேண்டும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் இது 'ரீநேம்' என்ற தனிப் பொதி (நிறுவும் மென்பொருள் தொகுப்பு). ஃபெடோரா, ஆர்ச் ஆகிய வேறு லினக்ஸ் வகைகளில் அதே பெயரில் இயல்பாக இருப்பது வேறொரு கட்டளை. அதற்குப் பெர்ல் கோவை புரியாது. சாதாரணச் சொல்லுக்குச் சொல் மாற்றும், அதுவும் இயல்பாகப் பெயரில் முதலில் வரும் இடத்தில் மட்டும்.

ஒழுங்கே இல்லாத பெயர்களுக்கு ரீநேம் சரிப்படாது. அங்கே மோர்யூடில்ஸ் (moreutils) பொதியிலுள்ள விடிர் (vidir) என்ற கட்டளை கைகொடுக்கிறது. பெயர்ப் பட்டியலை எடிட்டரில் திறந்து தரும்; திருத்திச் சேமித்தால் போதும். இரண்டு பெயர்களை ஒன்றுக்கொன்று மாற்றினாலும் குழம்பாது. ஆனால் ஒரு வரியை நீக்கிச் சேமித்தால் அந்தக் கோப்பையே அழித்துவிடும். ஆகவே மூலப் பிரதி வேறோர் இடத்தில் இருக்கும் அடைவுகளில் மட்டுமே விடிரைப் பயன்படுத்துகிறேன்.